முன்கட்டண உணவுத் திட்டங்களின் வரலாறு

உல்லாச விடுதியில் தங்கப் போகும் ஒருவர், அங்கே உண்ணப் போகும் உணவுக்கான பணத்தைப் பயணத்துக்கு முன்பே அறை வாடகையோடு சேர்த்துக் கட்டிவிடும் ஏற்பாடு முன்கட்டண உணவுத் திட்டம் எனப்படுகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் விடுதிகளின் ‘டிஸ்னி டைனிங் பிளான்’ இன்று இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. அதை வாங்குவதா, அந்தந்த வேளைக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுவதா என்ற கேள்வி ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குடும்பங்கள் முன் வந்து நிற்கிறது. கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக விடுதிக்காரருக்கும் விருந்தினருக்கும் இடையே நடந்துவரும் பேரத்தின் அண்மைய வடிவம் அது. விருந்தினர் சாப்பிடாமல் விட்ட உணவின் நட்டம் யார் கணக்கில் சேர்வது என்பதே அந்தப் பேரத்தின் மையம்.

இரண்டு டாலருக்கு நான்கு வேளை

அமெரிக்காவில் நவீன ஹோட்டலின் தொடக்கமாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுவது பாஸ்டன் நகரின் டிரெமாண்ட் ஹவுஸ். கட்டடக் கலைஞர் ஐசையா ரோஜர்ஸ் வடிவமைத்த இந்த விடுதி 1829இல் திறக்கப்பட்டது. பூட்டுப் போட்ட தனி அறைகள், ஒவ்வோர் அறையிலும் இலவச சோப்பு, கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறைகள் ஆகியவை அக்காலப் பயணிகளுக்கு வியப்பளித்தன. ஒரு நாளைக்குக் கட்டணம் இரண்டு டாலர். நான்கு வேளை உணவும் அதற்குள் அடக்கம். 1842இல் அமெரிக்கா வந்த ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கேதான் தங்கினார்.

உணவையும் அறையையும் ஒரே தொகையில் சேர்த்ததற்கு எளிய காரணம் உண்டு. அன்றைய அமெரிக்க நகரங்களில் வழிப்போக்கர் நம்பிச் சாப்பிடக்கூடிய உணவகங்கள் மிகக் குறைவு. பழைய சத்திரங்களிலும் மதுக்கூடங்களிலும் சத்திரக்காரர் சமைத்ததை எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதே வழக்கமாக இருந்தது. பெரிய ஹோட்டல்கள் அந்த வழக்கத்தைப் பளிங்குத் தூண்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தன. குறித்த நேரத்தில் மணியோ சேகண்டியோ அடிக்கும். விருந்தினர்கள் நீண்ட மேசைகளில் அமர்வார்கள். பல வகை இறைச்சி, மீன், கறிகாய், இனிப்பு எல்லாம் ஒன்றாக வரும். ஒருவர் எத்தனை தட்டு எடுத்தாலும் தொகை மாறாது. நேரம் தவறி வந்தவருக்கு உணவு இல்லை, அந்த வேளைக்கான பணமும் திரும்பாது.

ஐரோப்பியப் பயணிகளுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. அமெரிக்கர்கள் பேசாமல் அள்ளி விழுங்கிவிட்டு எழுந்து போகிறார்கள் என்ற குறை 19ஆம் நூற்றாண்டுப் பயண நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நாவலாசிரியர் ஆண்டனி டிரோலோப் 1862இல் வெளியிட்ட ‘வட அமெரிக்கா’ நூலில் ஹோட்டல்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். ஆனால் இம்முறையால் உள்ளூர் மக்களுக்குப் பெரிய நன்மை ஒன்று இருந்தது. புறப்படும் முன்பே செலவு தெரிந்துவிடும். குடும்பத்தோடு மாதக்கணக்கில் ஹோட்டலிலேயே குடியிருந்தவர்களும் அன்று பலர். அவர்களுக்குத் தனியாகச் சமையலறை வைத்து ஆள் அமர்த்துவதைவிட இது மலிவாக முடிந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிற்பாடுதான் வந்தது. மாற்று முறை ஒன்று தோன்றிய பிறகே, பழைய முறையை ‘அமெரிக்கத் திட்டம்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை எழுந்தது.

பார்க்கர் ஹவுஸ்

மாற்று முறையும் அதே பாஸ்டனில்தான் வேர் பிடித்தது. உணவகம் நடத்தி வந்த ஹார்வி பார்க்கர் 1855இல் பார்க்கர் ஹவுஸ் என்ற ஹோட்டலைத் திறந்தார். அறைக்குத் தனிக் கட்டணம், உணவுக்குத் தனிக் கட்டணம். எந்த நேரத்திலும் வந்து பட்டியலைப் பார்த்து வேண்டியதை வரவழைக்கலாம். சாப்பிடாதவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு ‘ஐரோப்பியத் திட்டம்’ என்று பெயர் வந்தது. டிக்கன்ஸ் 1867இல் இரண்டாம் முறை பாஸ்டனுக்கு வந்தபோது தங்கியது பார்க்கர் ஹவுஸில். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே நகரத்தில் இரண்டு முறைகளையும் அனுபவித்தார் என்பது தற்செயல்தான் என்றாலும், காலம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு நல்ல அடையாளம்.

நகர ஹோட்டல்கள் மெல்ல மெல்ல ஐரோப்பியத் திட்டத்துக்கு மாறின. நியூயார்க்கில் டெல்மோனிக்கோ போன்ற உணவகங்கள் பெயர் பெற்றிருந்தன. வணிகத்துக்காக வந்தவர் மதியம் வேறெங்கோ ஒருவரோடு சாப்பிட வேண்டியிருக்கும். ஹோட்டலில் கட்டிய பணம் வீணாவதை அவர் ஏற்கவில்லை. எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908இல் பஃபலோ நகரில் திறந்த ஹோட்டல் குளியலறையுடன் கூடிய அறையை ஒன்றரை டாலருக்குக் கொடுத்துப் புகழ்பெற்றது. அந்த விலைக்குள் உணவு இல்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

வெளியே கடை இல்லாத இடங்கள்

நகரத்தில் தோற்ற அமெரிக்கத் திட்டம் மலையிலும் தீவிலும் கடற்கரையிலும் தோற்கவில்லை. காரணம் வெளிப்படையானது. காட்டு நடுவே இருக்கும் விடுதியின் விருந்தினருக்கு வேறெங்கும் போய்ச் சாப்பிட வழியில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஸ்மைலி சகோதரர்கள் 1869இல் தொடங்கிய மோஹாங்க் மவுண்டன் ஹவுஸ் இன்றும் உணவு உள்ளடங்கிய கட்டணத்தையே வாங்குகிறது. மிச்சிகன் மாநிலத்தின் மேக்கினாக் தீவில் 1887இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஹோட்டலும் அந்த மரபை விட்டுவிடவில்லை. அந்தத் தீவில் 1898 முதல் மோட்டார் வாகனங்களுக்குத் தடை. குதிரை வண்டியில் போய் இறங்கியவர் இரவு உணவுக்கு எங்கே போவார்?

இருபதாம் நூற்றாண்டில் கேட்ஸ்கில் மலைகளில் வளர்ந்த யூத விடுதிகள் இந்த முறையை அதன் எல்லைவரை கொண்டுபோயின. பல அமெரிக்க விடுதிகள் யூதர்களை உள்ளே விடாத காலம் அது. எனவே நியூயார்க் நகரத்து யூதக் குடும்பங்கள் தங்களுக்கென்று எழுந்த குராஸிங்கர்ஸ், காங்கர்ட், குட்ஷர்ஸ் போன்ற விடுதிகளுக்குக் கோடையில் படையெடுத்தன. பட்டியலில் உள்ள எதையும் எத்தனை முறையும் கேட்கலாம். இரண்டு முக்கிய உணவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனமில்லை என்றால் இரண்டையும் கொண்டுவரச் சொல்லலாம். வறுமையிலிருந்து எழுந்துவந்த ஒரு தலைமுறைக்கு, விலை பார்க்காமல் கேட்பது என்பதே விடுமுறையின் முதல் இன்பமாக இருந்தது. மலிவு விமானப் பயணமும் வீட்டுக்கு வீடு குளிர்சாதனமும் வந்தபின் இவ்விடுதிகள் தேய்ந்தன. குராஸிங்கர்ஸ் 1986இலும் காங்கர்ட் 1998இலும் மூடப்பட்டன.

முழுத் திட்டத்துக்கும் ஐரோப்பியத் திட்டத்துக்கும் நடுவே ஒரு சமரசமும் உருவானது. காலை உணவும் இரவு உணவும் மட்டும் கட்டணத்தில் சேரும், மதியம் விருந்தினர் விருப்பம். இதற்கு ‘திருத்திய அமெரிக்கத் திட்டம்’ என்று பெயர். காலை உணவு மட்டும் சேர்ந்தால் ‘கான்டினென்டல் திட்டம்’. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு விடுதிகளுக்கு அறை பதிவு செய்யும் தமிழ்நாட்டுப் பயணிகள் இன்றும் முகவர் அனுப்பும் விலைப்பட்டியலில் ஈ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்ற எழுத்துக்களைப் பார்க்கிறார்கள். அவை முறையே ஐரோப்பிய, கான்டினென்டல், திருத்திய அமெரிக்க, அமெரிக்கத் திட்டங்களின் ஆங்கிலச் சுருக்கங்கள். பாஸ்டன் ஹோட்டல்களின் போட்டியில் பிறந்த பெயர்கள் நீலகிரி வரை வந்துவிட்டன. பலரும் பொருள் கேட்காமலே கையெழுத்திடுகிறார்கள்.

கூப்பனும் மணியும்

திட்டம் என்பது வேறு, முன்கூட்டியே பணம் கட்டுவது என்பது வேறு. டிரெமாண்ட் ஹவுஸ் விருந்தினர் கிளம்பும்போதுதான் கணக்கைத் தீர்த்தார். பணத்தை ஊரிலேயே கட்டிவிட்டு ஒரு சீட்டை மட்டும் எடுத்துச் செல்லும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ஆங்கிலேயப் பயண முகவர் தாமஸ் குக். அவர் 1868இல் ஹோட்டல் கூப்பன்களை அறிமுகப்படுத்தினார். மொழி தெரியாத நாட்டில், பழக்கமில்லாத நாணயத்தில், ஹோட்டல்காரர் ஏமாற்றிவிடுவாரோ என்று அஞ்சிய நடுத்தர வகுப்புப் பயணிக்கு அந்தச் சீட்டு பெரிய ஆறுதல். படுக்கைக்கும் உணவுக்கும் கூப்பனைக் கிழித்துக் கொடுத்தால் போதும். இங்கே பயணி வாங்கியது மலிவை அல்ல, மன நிம்மதியை. பின்னாளில் வந்த எல்லா முன்கட்டணத் திட்டங்களும் ஏதோ ஒரு விதத்தில் இந்த நிம்மதியைத்தான் விற்கின்றன.

பிரிட்டனில் பில்லி பட்லின் 1936இல் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் திறந்த விடுமுறை முகாம் அதை உழைக்கும் வகுப்பினருக்கு எட்ட வைத்தது. பருவத்தைப் பொறுத்து வாரத்துக்கு 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை கட்டணம். மூன்று வேளை உணவும் கேளிக்கைகளும் அதில் சேர்ந்தவை. ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பது அவரது விளம்பரத்தின் சாரம். அதுவரை கடற்கரை ஊர்களின் வாடகை வீடுகளில் தங்கிய குடும்பங்கள், பகலில் வீட்டுக்காரம்மா வெளியே அனுப்பிவிட மழையில் நனைந்து திரிந்ததைப் பட்லின் பார்த்திருந்தார். 1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது அவருக்கு இன்னும் வாய்ப்பானது.

கிளப் மெடிட்டரேனியனின் பங்கு வேறு விதமானது. பெல்ஜியரான ஜெரார் பிளிட்ஸ் 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அல்கூடியா என்ற இடத்தில் கூடாரக் கிராமம் ஒன்றை அமைத்தார். கூடாரங்கள் ஜில்பெர் திரிகானோவின் குடும்ப நிறுவனத்திலிருந்து வந்தன. பின்னர் திரிகானோவே அந்த நிறுவனத்தை வழிநடத்தினார். உணவும் உணவோடு வைனும் கட்டணத்தில் சேர்ந்திருந்தன. மதுக்கூடத்தில் மட்டும் தனிச் செலவு. நீச்சல் உடையில் இருப்பவர் பணப்பையை எங்கே வைப்பார்? அதற்காக மணிகள் வந்தன. விருந்தினர் காசைக் கொடுத்து மணிகளை வாங்கி மாலையாகக் கழுத்திலோ கையிலோ போட்டுக்கொள்வார். ஒரு குடிக்கு இத்தனை மணி என்று கழற்றிக் கொடுப்பார். வசதிக்காக வந்த இந்த மணிகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. பணத்தாளை எண்ணிக் கொடுக்கும்போது வரும் தயக்கம் மணியைக் கழற்றும்போது வருவதில்லை. காசினோக்கள் வில்லைகளைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால்தான். டிஸ்னி விடுதிகளில் இன்று கையில் கட்டிக்கொள்ளும் மேஜிக்பேண்ட் பட்டை அந்த மணிமாலையின் பேரன் எனலாம்.

மதுவையும் உள்ளே சேர்த்து, கதவைத் தாண்டியபின் பணமே தேவையில்லை என்ற முழு உள்ளடக்க முறை ஜமைக்காவில் முதிர்ந்தது. ஜான் இசா 1978இல் ஓச்சோ ரியோஸில் திறந்த கப்பிள்ஸ் விடுதியும், கார்டன் ‘புட்ச்’ ஸ்டூவர்ட் 1981இல் மாண்டேகோ பேயில் திறந்த சாண்டல்ஸ் விடுதியும் இதன் முன்னோடிகள். 1970களின் ஜமைக்காவில் அரசியல் வன்முறை கடுமையாக இருந்தது. அச்சத்தில் இருந்த வெளிநாட்டுப் பயணிகள் விடுதியை விட்டு வெளியே போக விரும்பவில்லை. மலைவிடுதிக்குக் காடு செய்த வேலையை இங்கே அச்சம் செய்தது. விடுதிகள் செழித்தன. மதிலுக்கு வெளியே இருந்த உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வர வேண்டிய வாடிக்கையாளர் வராமல் போனார். இந்தக் குற்றச்சாட்டு கரீபியன் தீவுகளில் இன்றும் ஓயவில்லை.

டிஸ்னியின் 2005

புளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. காடு இல்லை, தீவு இல்லை, வன்முறை இல்லை. சில மைல் தொலைவில் நெடுஞ்சாலை ஓரமெங்கும் மலிவான உணவகங்களும் பேரங்காடிகளும் இருந்தன. விருந்தினர் வெளியே போய்ச் சாப்பிட எந்தத் தடையும் கிடையாது. பூங்காவுக்குள் வீட்டு உணவைக் கொண்டுபோகவும் டிஸ்னி அனுமதிக்கிறது. பழைய அமெரிக்கத் திட்டத்தை நகரத்தில் அழித்த அதே சூழல் இங்கும் இருந்தது. எனினும் திட்டம் வெற்றி பெற்றது.

2005இல் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விடுதிகளுக்கு இலவசமாக அழைத்துச் செல்லும் ‘மேஜிக்கல் எக்ஸ்பிரஸ்’ பேருந்துச் சேவை அவ்வாண்டு தொடங்கியது. விருந்தினர் வாடகைக் கார் எடுக்கத் தேவையில்லாமல் போயிற்று. அதே ஆண்டு டைனிங் பிளானும் இன்றைய பெயரில் வந்தது. கார் இல்லாத குடும்பம் நெடுஞ்சாலைக்குப் போகாது, வளாகத்துக்குள்ளேதான் உண்ணும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, தீவு இல்லாத இடத்தில் ஒரு தீவைப் பேருந்தால் உருவாக்கியதாகவே தோன்றுகிறது.

திட்டத்தின் அடிப்படை இது. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒவ்வொருவருக்கும் சில ‘கிரெடிட்’கள் கிடைக்கும். பணியாளர் பரிமாறும் உணவகத்தில் ஒரு வேளை, கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் இடத்தில் ஒரு வேளை, ஒரு நொறுக்குத்தீனி. தொடக்கத்தில் பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்குக் கட்டணம் சுமார் 35 டாலர். அதில் முன்னுணவும் பரிமாறுபவருக்கான டிப்ஸும் சேர்ந்திருந்தன. சற்றே நல்ல உணவகங்களைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது ஐயமற்ற லாபம். கூட்டம் குறைந்த பருவங்களில், அறைக்கு முழு வாடகை கட்டுபவர்களுக்குத் திட்டத்தையே இலவசமாகக் கொடுத்தும் டிஸ்னி ஆள் சேர்த்தது. அந்த இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. அதை ஏற்பவருக்கு அறை வாடகைத் தள்ளுபடி கிடையாது. பெரிய குடும்பம் மலிவான அறையில் தங்கினால் இலவச உணவு லாபம். கணவனும் மனைவியும் மட்டும் விலையுயர்ந்த அறையில் தங்கினால் வாடகைத் தள்ளுபடியே லாபம்.

2008 முதல் முன்னுணவும் டிப்ஸும் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. பெயர் அதுவே, உள்ளடக்கம் சுருங்கியது. கவுண்டர் உணவு மட்டும் கொண்ட மலிவான திட்டமும், நாளுக்கு மூன்று வேளையும் தரும் டீலக்ஸ் திட்டமும் வந்து கிளைகள் பெருகின. 2018இல் 21 வயது நிறைந்தவர்களுக்கு உணவோடு ஒரு மதுபானமும் சேர்க்கப்பட்டது. மது அருந்துபவருக்கு இதனால் கணக்கு சற்றுச் சாதகமானது. அருந்தாதவரும் அதே தொகையைத்தான் கட்டினார்.

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடப்பட்டபோது திட்டமும் நின்றது. பூங்காக்கள் அதே ஆண்டு ஜூலையில் திறந்தன. திட்டம் திரும்ப 2024 ஜனவரி 9 வரை ஆயிற்று.

ஒரு குடும்பத்தின் கணக்கு

2024இல் திரும்பிய திட்டத்தின் விலை ஓர் இரவுக்குப் பெரியவருக்கு 94.28 டாலர், 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைக்கு 29.69 டாலர். கவுண்டர் உணவுத் திட்டம் பெரியவருக்கு 57.01, குழந்தைக்கு 23.83. பத்து வயது நிறைந்தவர் பெரியவர் கணக்கில் சேர்வார். 2005க்கும் 2024க்கும் இடையே அமெரிக்கப் பொது விலைவாசி ஏறத்தாழ 1.6 மடங்காக உயர்ந்தது. பெரியவருக்கான திட்ட விலை ஏறத்தாழ 2.7 மடங்காக உயர்ந்தது.

தாய், தந்தை, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள் கொண்ட குடும்பம் ஐந்து இரவுகள் தங்குவதாகக் கொள்வோம். மகன் பெரியவர் கணக்கில் வருவதால் ஓர் இரவுக்கு 312.53 டாலர், ஐந்து இரவுக்கு 1,562.65 டாலர். கவுண்டர் திட்டமானால் 974.30 டாலர். அறையில் உள்ள மூன்று வயதுக்கு மேற்பட்ட அனைவரும், தங்கும் எல்லா இரவுகளுக்கும் வாங்கியே தீர வேண்டும். மகன் கோழித்துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும் தவிர எதையும் தொடமாட்டான் என்பதற்காக அவனை விட்டுவிட முடியாது.

இனி ஒரு பெரியவரின் 94.28 டாலரைப் பிரித்துப் பார்க்கலாம். கவுண்டர் உணவும் பானமும் 20 டாலர், நொறுக்குத்தீனி 7 டாலர், மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் குவளையின் ஒரு நாள் பங்கு 4 டாலர் என்று கொண்டால் 31 டாலர் போகிறது. மீதி ஏறத்தாழ 63 டாலரைப் பரிமாறும் உணவகத்தின் ஒரே வேளை ஈடுகட்ட வேண்டும். மிக்கி மவுஸ் போன்ற கதாபாத்திரங்கள் மேசைக்கு வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பஃபே விருந்துகள் சில அந்த விலையை எட்டுகின்றன. சாதாரண உணவகத்தில் ஒரு முக்கிய உணவு, ஓர் இனிப்பு, ஒரு குளிர்பானம் மட்டும் எடுப்பவருக்கு எட்டுவது கடினம். மதுபானமும் எடுத்து விலையுயர்ந்த இறைச்சியையும் தேர்ந்தால் எட்டலாம். சிறப்பு உணவகங்களில் ஒரு வேளைக்கு இரண்டு கிரெடிட் கழியும். இரண்டு நாள் உரிமையை ஓர் இரவில் செலவழிப்பதால் அங்கே பெரும்பாலும் நட்டம். இவற்றோடு டிப்ஸ் தனி. அது கட்டிய தொகைக்கு அல்ல, உணவின் பட்டியல் விலைக்குக் கணக்கிடப்படுகிறது. நான்கு பேர் சாப்பிட்ட 200 டாலர் உணவுக்கு, பணமே தராமல் எழுந்துவிடலாம் என்று நினைத்த குடும்பம் 40 டாலரைத் தேட வேண்டியிருக்கும்.

குழந்தையின் கணக்கு இதற்கு நேர்மாறு. கதாபாத்திர விருந்துகள் பலவற்றில் குழந்தைக்கான ஒரு வேளைக் கட்டணமே 30 டாலரைத் தாண்டுகிறது. அதாவது அந்த ஒரு விருந்திலேயே அன்றைய முழுத் தொகையும் திரும்பிவிடும். ஆகவே பத்து வயதுக்குட்பட்ட இரண்டு மூன்று குழந்தைகளோடு, தினமும் அத்தகைய விருந்துக்குப் போக விரும்பும் குடும்பத்துக்குத் திட்டம் பொருந்துகிறது. மேலே சொன்ன குடும்பத்தில் மகனுக்கு ஒன்பது வயதாக இருந்திருந்தால் ஐந்து இரவுக்கு 322.95 டாலர் குறைந்திருக்கும். காலை உணவுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் பழமும் போதும் என்பவர்கள், ஒரு தட்டைப் பங்கிட்டு உண்பவர்கள், பத்து வயது கடந்த பிள்ளைகளைக் கொண்டவர்கள் ஆகியோருக்குத் திட்டம் பெரும்பாலும் நட்டம். சைவ உணவு உண்பவர்களும் இந்தப் பட்டியலில் சேர்வார்கள். ஒரே கிரெடிட்டில் மாட்டிறைச்சி ஸ்டேக்கும் வாங்கலாம், காய்கறி பாஸ்தாவும் வாங்கலாம். திட்டத்தின் லாபம் முழுவதும் விலை கூடிய இறைச்சியையும் கடலுணவையும் தேர்வதில்தான் இருக்கிறது. இந்தியாவிலிருந்தும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் போகும் சைவர்கள் பிறரது ஸ்டேக்குக்குத் தாங்களும் பங்கு கட்டுகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

கணக்கில் வராத செலவு நேரம். பரிமாறும் உணவகங்களில் இடம் வேண்டுமானால் வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகவே தினமும் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையில் அமர வேண்டியிருக்கிறது. பூங்கா நுழைவுச் சீட்டின் விலையை நினைத்தால் அந்த மணிக்கும் ஒரு விலை உண்டு. பயன்படுத்தாத கிரெடிட்கள் அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு காலாவதியாகும். கடைசி நாள் மாலையில் பரிசுக் கடைகளில் பொட்டலமிட்ட இனிப்புகளை நொறுக்குத்தீனிக் கிரெடிட்டில் அள்ளிக் குவிக்கும் விருந்தினர்கள் டிஸ்னி வேர்ல்டில் பழகிப்போன காட்சி. யாருக்கும் பசி இல்லை. பணம் வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

நட்டம் தெரிந்தும் வாங்குவது

விலை கூடுதல் என்று தெரிந்தவர்களும் முன்கட்டணத் திட்டங்களை ஏன் விரும்புகிறார்கள் என்பதைப் பொருளியலாளரும் உளவியலாளரும் ஆராய்ந்துள்ளனர். டிரேசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பணம் கொடுக்கும் கணம் மனத்துக்கு ஒரு வலியைத் தருகிறது என்றும், முன்பே கொடுத்துவிட்டால் அனுபவிக்கும் நேரத்தில் அந்த வலி இருப்பதில்லை என்றும் வாதிட்டனர். விடுமுறைக்கு முன்பணம் கட்ட மக்கள் விரும்புவதும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தவணை கட்ட விரும்புவதும் அவர்கள் காட்டிய முரண். குழந்தை ஐஸ்கிரீம் கேட்கும்போது விலைப்பலகையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் என்பதற்காக ஒரு தந்தை 100 டாலர் அதிகம் கொடுக்கிறார் என்றால், அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. தாமஸ் குக்கின் வாடிக்கையாளர் வாங்கியதும் அதைத்தான்.

ஆனால் மக்கள் தங்கள் பயன்பாட்டைத் தவறாகவும் கணிக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டனர். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் போன நாட்களைக் கணக்கிட்டால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகியிருந்தது. அதே கூடத்தில் பத்து வருகைச் சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். விடுமுறையில் தினமும் மூன்று வேளையும் வயிறு நிறைய உண்போம் என்று ஜனவரியில் நினைப்பவரும், ஜூலை வெயிலில் பூங்காவில் பத்து கிலோமீட்டர் நடந்து தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவரும் ஒரே மனிதர்தான்.

கட்டிய பணம் நடத்தையை இழுப்பதை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் காட்டினர். ஒகையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் சீட்டு கொடுத்தனர். யாருக்கு எது என்பது குலுக்கல் போலத்தான். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தனர். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்தது. விடுதித் திட்டத்தின் காலம் ஒரு வாரத்துக்கும் குறைவு. வேறுபாடு மறைய நேரமே இருப்பதில்லை. கடைசி இரவு வரை பணத்தை மீட்கும் எண்ணத்தோடுதான் பலர் உண்கிறார்கள்.

விலையைக் குறைக்காமல் திட்டத்தின் மதிப்பைக் கூட்ட டிஸ்னி பிறகு வேறு வழியை எடுத்தது. 2025இல் பெரியவர்கள் திட்டத்தை வாங்கினால் உடன்வரும் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் திட்டம் இலவசம் என்ற சலுகை வந்தது. ஏற்கெனவே லாபமாக இருந்த குழந்தைக் கணக்கு அதனால் இன்னும் லாபமானது. பெரியவரின் 63 டாலர் கணக்கு அப்படியே நின்றது. குழந்தைகள் இல்லாமல் போகும் தம்பதியருக்கு அந்தச் சலுகையால் எதுவும் மாறவில்லை.